கந்தக பூமியில் கசியும் கூலன்ட்

பத்துப் பதினைந்து வயதான பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி கார்களில் கூலன்ட் குறைந்துவிட்டதாக மஞ்சள் எச்சரிக்கை எரிவதும், அரை லிட்டர் ஊற்றியதும் அது அணைவதும், சில வாரம் கழித்து மறுபடி எரிவதும் உரிமையாளர்கள் பலருக்குப் பழகிப்போன விஷயம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம் பக்கம் இந்த வகைக் கார்களுக்குப் பஞ்சமில்லை. பட்டாசிலும் அச்சிலும் எண்ணெய், பருப்பு வியாபாரத்திலும் நல்ல வருஷம் கண்டவர்கள் வாங்கியவை சில. அவர்களிடமிருந்து இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்தவை பல. மெர்சிடிஸ் 1995 முதல் புனேயிலும், பி.எம்.டபிள்யூ 2007 மார்ச் முதல் சென்னை ஆலையிலும் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கின. அந்த ஆலைகளின் முதல் வண்டிகள் பதினைந்து வயதைக் கடந்துவிட்டன.

கூலன்ட் டீசலைப் போலச் செலவாகும் பொருளல்ல. மூடிய பாதைக்குள் சுற்றிச் சுற்றி வருவது. நல்ல நிலையில் உள்ள காரில் வருஷக்கணக்கில் மட்டம் கோட்டை விட்டு இறங்காது. இறங்குகிறது என்றால் எங்கோ வழி பிறந்துவிட்டது. மேலே ஊற்றிக்கொண்டே போவதால் அந்த வழி அடைபடுவதில்லை. இன்ஜினுக்குக் கொஞ்சம் தவணை கிடைக்கிறது, அவ்வளவே.

இன்ஜினுக்குள் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதி எல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போகிறது. இன்னொரு பகுதியை கூலன்ட் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு வருகிறது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். மூடிய அமைப்பில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை இன்னும் மேலே போகிறது. கூலன்ட் டேங்கின் மூடியில் 140 என்று பொறித்திருந்தால் அது 1.4 பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்று அர்த்தம். டயருக்கு அடிக்கும் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம் அது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் நிற்காமல் போனாலே கூலன்ட் முன்கூட்டிக் கொதித்து ஆவியாக வெளியேறும். கசிவு தேடும் வேலையில் மலிவான பாகம் இந்த மூடி. முதலில் சந்தேகிக்க வேண்டியதும் இதுதான். ஆனால் பெரும்பாலும் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

அம்பாசடர் காலத்து ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். ஒழுகினால் கழற்றிக்கொண்டு போய் ஈயம் வைத்து ஊதி அடைத்துவிடலாம். ஊருக்கு ஒரு ரேடியேட்டர் கடை இருந்தது. ஜெர்மன் சொகுசு காரில் ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரு பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் கூடு, ஹோஸ்களின் முனை, பல மாடல்களில் வாட்டர் பம்பின் கூடும் பிளாஸ்டிக்தான். கண்ணாடி இழை கலந்த நைலான் எடை குறைவானது, வேண்டிய வடிவத்தில் வார்க்கக் கூடியது. புதிதில் நன்றாகவே தாங்கும். தினமும் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கொதிக்கும் கிளைக்கால் நீரில் ஊறி, பத்து வருஷத்தில் அப்பளம்போல் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இதில் இன்ஜினை வடிவமைத்தவர்களின் பங்கும் உண்டு. 2000-களில் வந்த பி.எம்.டபிள்யூவின் என்52 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், எரிபொருள் மிச்சத்துக்காக, நிதானமாக ஓடும்போது கூலன்ட்டை 112 டிகிரி வரை வைத்திருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கணினி அதை 80 டிகிரிப் பக்கம் இறக்கும். திறந்த வெளியில் கொதித்தே போகும் வெப்பத்தில்தான் அந்த பிளாஸ்டிக் தன் ஆயுளைக் கழிக்கிறது. அதே காலத்து 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களின் டேஷ்போர்டில் கூலன்ட் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் இல்லை. வேறு பல கார்களில் முள் இருந்தும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பதால், அது நகரும்போது காரியம் மிஞ்சிப்போயிருக்கும்.

இதோடு விருதுநகர் மாவட்டத்தின் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மழை குறைந்த, காய்ந்த காற்று வீசும் பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. அந்தக் காய்ச்சல் காருக்கு நல்லதில்லை. கத்திரி வெயிலில் ரயில்வே கேட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும் கார்தான் அதிகம் சிரமப்படுகிறது. நான்குவழிச் சாலையில் ஓடும் காருக்கு எதிர்காற்று கிடைக்கிறது, நிற்கும் காருக்கு ஃபேன் ஒன்றே கதி. கரிசல் தூசி ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் போய்ப் படிந்து அந்தக் காற்றையும் மறிக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் தூசி தெரியாது. வருஷம் ஒருமுறை மெல்லிய நீர்த்தாரையால் கழுவுவது உதவும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும்.

தண்ணீர் இன்னொரு தொல்லை. மாவட்டத்தின் பல ஊர்களில் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க நல்ல தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். மட்டம் இறங்கியதும் கைக்கு எட்டிய குழாய்த் தண்ணீரை ஊற்றுவது வழக்கமாகிவிட்டால், அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் இன்ஜினின் சூடான சுவர்களில் காரையாகப் படியும். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கூலன்ட்டிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்துகள் வேலை செய்யாமல் படிவாகிப் போகும். ஆறு மாதம் இப்படி ஊற்றிய காரில் கலவையும் நீர்த்துப்போயிருக்கும். கசிவைச் சரிசெய்த பிறகும் வேறோரிடத்தில் கசிவு தொடங்குவதற்கு இதுவும் காரணம். கலக்க வேண்டியது டிமினரலைஸ்டு தண்ணீர். பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும் பேட்டரி தண்ணீர்தான் அது. வழியில் அவசரத்துக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர் பரவாயில்லை.

கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்து வாங்குவதும் தவறு. நீலம், பச்சை, இளஞ்சிவப்பு எல்லாம் சாயம்தான். எந்த நிறம் எந்த வேதிக்கலவை என்று பொதுவிதி கிடையாது. காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பொருந்தாத இரண்டு வகைகளைக் கலந்தால் கூழாகிக் குழாயை அடைக்கலாம்.

கசிவைத் தேடுவதில் பலரையும் ஏமாற்றுவது தரை. காலையில் கார் நின்ற இடம் காய்ந்திருக்கிறது, எனவே ஒழுக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சூடான இன்ஜினில் கசியும் துளி தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். அது விட்டுப்போகும் தடயம் வேறு: ஹோஸ் முனையில் வெள்ளைப் பொருக்கு, கூலன்ட்டின் நிறத்தில் காய்ந்த கறை, பானட்டைத் திறந்ததும் வரும் இனிப்பு கலந்த வாசனை. சில கசிவுகள் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே வரும். இரும்பும் ரப்பரும் சுருங்கும்போது கிளிப் தளர்ந்து சொட்டும், சூடானதும் தானாக அடைத்துக்கொள்ளும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கூலன்ட் என்று எண்ணி அலைவோரும் உண்டு. ஏசித் தண்ணீர் நிறமற்றது, விரலில் பிசுபிசுக்காது. கூலன்ட்டை நாவில் வைத்துப் பார்க்கக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், சுவையோ இனிப்பு. தெருநாயோ ஆடோ நக்கினால் உயிர் போய்விடும். வடித்தெடுத்த கூலன்ட்டைச் சாக்கடையோரம் ஊற்றும் பழக்கத்தைப் பட்டறைகள் கைவிட வேண்டும்.

முறையான தேடல் பிரஷர் டெஸ்டில் தொடங்குகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மீட்டர் பொருத்திய கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை காற்றை ஏற்ற வேண்டும். முள் இறங்காமல் கால் மணி நேரம் நின்றால் வெளிக்கசிவு இல்லை என்று ஓரளவு நம்பலாம். இறங்கினால் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்க வேண்டும். நுண்ணிய கசிவுக்கு, இருட்டில் ஒளிரும் சாயத்தைக் கூலன்ட்டில் கலந்து, இரண்டு நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கடித்துத் தேடுவார்கள். இந்தக் கருவிகளுக்கு ஆகும் செலவு ஒரு வாட்டர் பம்பின் விலையில் சிறு பங்குதான். இதைச் செய்யாமல் "எதுக்கும் பம்பை மாத்திப் பாப்போம்" என்று தொடங்கும் மெக்கானிக்கிடம் காரை விடாதிருப்பது நல்லது. நிற்காத கசிவுகளில் பலவும் இப்படி ஊகத்தில் பாகம் மாற்றியதால் நிற்காமல் போனவை.

வெளியே எதுவும் தெரியாமல் மட்டம் மட்டும் இறங்கினால் உள்ளே பார்க்க வேண்டும். முன்சீட்டுக்காரரின் காலடிக் கம்பளம் ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிந்தால் கசிவது, காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர். எண்ணெய் மூடிக்குள் பால் காபி நிறத்தில் நுரை, காலையில் விடாத வெள்ளைப் புகை, ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே கல்போல் இறுகும் ஹோஸ் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதானதன் அறிகுறிகள். டேங்கின் வாயில் நீலத் திரவம் கொண்ட குழாயை வைத்துச் சோதித்தால், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கலந்திருக்கும் பட்சத்தில் அந்த நீலம் மஞ்சளாகும். 2000-களின் தொடக்கத்தில் வந்த சில மெர்சிடிஸ் கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே உடைந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய் வண்டி குலுங்கத் தொடங்கும். அந்தக் கார்களில் ரேடியேட்டரைக் காலத்தே மாற்றுவது கியர்பாக்ஸுக்கான காப்பு.

ஒவ்வொரு இன்ஜின் குடும்பத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆடியின் 1.8, 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் தொகுதி ஒட்டுக்கோட்டில் கசியும். ஜாகுவார், ரேஞ்ச் ரோவரின் பெரிய இன்ஜின்களில் முன்னும் பின்னும் உள்ள பிளாஸ்டிக் குழாய்கள். பி.எம்.டபிள்யூவின் என்62 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜினில் உள்ளதுதான் மிக மோசம். இரு வரிசை சிலிண்டர்களுக்கு நடுப்பள்ளத்தில் ஒரு கூலன்ட் குழாய் ஓடுகிறது. அதன் முன்முனை சீல் காய்ந்து இறுகியதும் இன்ஜினின் முன்பக்கம், வாட்டர் பம்புக்குப் பின்னாலுள்ள துளை வழியே சொட்டும். பம்ப்தான் ஒழுகுகிறது என்று நினைத்து அதை மாற்றுவார்கள், சொட்டு நிற்காது. நிறுவனம் சொன்ன முறைப்படி இன்ஜினின் முன்மூடிகளையெல்லாம் பிரிக்க வேண்டும். குழாயின் விலையைவிடக் கூலி பன்மடங்கு. நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு துண்டுக் குழாயை வெளி நிறுவனங்கள் செய்து விற்றபிறகுதான் அந்த வேலை கொஞ்சம் எளிதானது.

டீசல் வண்டிகளில் இன்னொரு இடம் உண்டு. பட்டாசு வட்டாரத்துக்காரர்கள் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய இடம் அது. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலருக்குள் ஒரு பக்கம் கொதிக்கும் புகையும் மறுபக்கம் கூலன்ட்டும் ஓடும். இடைச்சுவர் விரிசல்விட்டால் கூலன்ட் புகைப்பாதைக்குள் கசிந்து, அங்கே படிந்திருக்கும் கரியோடும் எண்ணெயோடும் கலந்து எரியக்கூடிய பிசுக்காகிறது. சூடான புகை பட்டு அது கனன்றால் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு உருகி வண்டியே தீப்பிடிக்கலாம். 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து எரிந்தது இதனால்தான். முதலில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்த நிறுவனம், அதே ஆண்டு அக்டோபரில் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் வண்டிகளுக்கு அந்த அழைப்பை விரித்தது. பழைய டீசல் பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவர், சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று நிறுவன சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வெளியில் சொட்டும் கூலன்ட்டும் தீக்குத் தூரமில்லை. தண்ணீர் கலந்திருக்கும்வரை அது எரியாது. சூடான மேனிஃபோல்டிலும் டர்போவிலும் விழுந்து தண்ணீர் ஆவியானதும் மிஞ்சுவது ஏறக்குறைய முழு கிளைக்கால். அதன் தீப்பற்றுநிலை 111 டிகிரி. 400 டிகிரி அளவில் நெருப்பில்லாமலே பற்றும். மலையேற்றத்தில் டர்போ இதைத் தாண்டிச் சூடாகும். வெடிமருந்து அறைகளிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்துவது பட்டாசுத் தொழிலின் பாலபாடம். தீபாவளி நெருக்கத்தில் டிக்கியிலும் பின்சீட்டிலும் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கூலன்ட் கசியும் காரை ஓட்டுவது அந்தப் பாடத்தை மறப்பதற்குச் சமம். சாம்பிள் கொண்டுபோவதானாலும், கசிவு தீரும்வரை வேறு வண்டி எடுப்பதே முறை.

இடம் தெரிந்த பிறகு பழுது நீக்கத்தில் ஒரு விதி: ஒரு பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் அதன் வயதொத்த மற்றவையும் உடையும் தறுவாயில் இருக்கின்றன. டேங்கை மட்டும் மாற்றினால், அதுவரை பழைய டேங்கில் கசிந்து தணிந்துகொண்டிருந்த அழுத்தம் இப்போது முழுதாக நின்று, அடுத்த பலவீனமான இடத்தை உடைக்கும். அடுத்த மாதம் ஹோஸ், அதற்கடுத்த மாதம் தெர்மோஸ்டாட் என்று கார் பட்டறையிலேயே குடியிருக்கும். டேங்க், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், வயதைப் பார்த்து ரேடியேட்டர் ஆகியவற்றை ஒரே தடவையில் மாற்றுவது முதலில் கசந்தாலும் கூலி ஒருமுறைதான் ஆகும். என்52 இன்ஜினின் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. எச்சரிக்கையில்லாமல் நின்றுபோகக் கூடியது. அதன் அலுமினிய போல்ட்களைக் கழற்றினால் புதியவையே போட வேண்டும். ஹோஸ்மேல் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தால் அந்த எண்ணெய்க் கசிவையும் அப்போதே நிறுத்த வேண்டும்; எண்ணெய் பட்ட ரப்பர் உப்பிப் பிளக்கும்.

வேலை முடிந்ததும் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுவது பலரும் அவசரப்படும் கட்டம். மின்சாரப் பம்ப் உள்ள பி.எம்.டபிள்யூக்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹீட்டரை உச்சத்திலும் காற்றைக் குறைவாகவும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி முழுதாக மிதித்தால் பம்ப் தானே ஓடத் தொடங்கும். சுமார் பன்னிரண்டு நிமிடம் ஓடி நிற்கும்வரை காத்திருந்து மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். காற்று தங்கிய இன்ஜின் புதுப் பாகங்களோடும் சூடேறும். பழி பாகத்தின்மேல் விழும்.

மஞ்சள் பொடியை ரேடியேட்டரில் போட்டு ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அகலமான பித்தளைக் குழாய்களில் அது ஊர் போய்ச் சேரும்வரை தாக்குப்பிடித்தது. இன்று பாட்டிலில் விற்கும் கசிவடைப்பான்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஓட்டையோடு சேர்த்து ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கின்றன. உடைந்த டேங்கில் எபாக்ஸி பசை பூசுவதும் ஒருநாள் தீர்வுதான்.

வழியில் சிவப்பு எச்சரிக்கை எரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்த வேண்டும். மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருந்த கூலன்ட் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் கோணிவிடும். "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிய கார்கள்தான் கோணிய ஹெட்டைச் சமன்செய்யும் ஹெட் ஃபேசிங்குக்கு லேத் பட்டறைக்கு வருகின்றன. சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 70 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு மேடை லாரிக்குக் கொடுக்கும் வாடகை இன்ஜின் பிரிக்கும் கூலிக்குமுன் ஒன்றுமில்லை. சாதாரணக் கார் காப்பீடு இயந்திரக் கோளாறுக்குப் பணம் தருவதில்லை.

எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பது காரின் சந்தை விலையைப் பொறுத்தது. பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி. வெளிக்கசிவு மட்டும் என்றால் மேலே சொன்ன பாகங்களை மொத்தமாக மாற்றிக் காரை வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. ஹெட் கேஸ்கட்டோ, எட்டு சிலிண்டர் இன்ஜினின் நடுக்குழாயோ என்றால் பழுதுக்கான மதிப்பீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு விற்பதையும் யோசிக்க வேண்டும். வாங்குபவரிடம் கசிவை மறைக்கக் கூடாது. பழைய சொகுசு காரை வாங்கப் போகிறவர் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், டேங்கின் மட்டத்தையும் மூடியோரப் பொருக்கையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம்.

பழுது பார்த்தபின் டேங்கில் மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, இரண்டு வாரம் தினமும் காலையில், இன்ஜினைக் கிளப்புமுன் பார்க்க வேண்டும். முதல் ஓரிரு நாளில் தங்கியிருந்த காற்று வெளியேறிச் சற்று இறங்குவது இயல்பு. அதன்பின் கோடு நின்றால் கசிவு நின்றது. இறங்கினால் பிரஷர் டெஸ்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.